சத்தியம் சொல்ல ஒருத்தி

காரா-புலுங், நாரின்
1996 செப்டம்பர் 2

அன்புத் தங்கச்சி சால்கினாய்க்கு,

அண்ணன் காஸிமாலி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. இத்தனை வருஷமாக நலம் விசாரிக்காதவன் இப்போது விசாரித்தால் நீ சிரிப்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஓமுர்சாக்கை உனக்கு நினைவிருக்கும். கூட்டுப்பண்ணைக் காலத்தில் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்தானே, அவன்தான். பண்ணையைக் கலைத்தபோது எங்களுக்கெல்லாம் ஆளுக்கு நாலு ஆடு வந்தது, அவனுக்கு மட்டும் ஒரு குதிரைக் கூட்டமே வந்தது. எப்படி வந்தது என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. போன ஜூலைக் கடைசியில் அவனுடைய குதிரைகளில் பதினொன்று காணாமல் போய்விட்டன. நான்தான் ஓட்டிப்போய்க் கணவாய்க்கு அந்தப் பக்கம் விற்றுவிட்டேன் என்கிறான். அதற்கு முந்தின வாரம் அவனும் நானும் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டதை ஊரே பார்த்தது. சந்தேகம் என் மேல் விழுந்துவிட்டது. குதிரைகள் போன அன்று நான் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தேன். வெயில் ஏறின பிறகுதான் கண் விழித்தேன். அனார்கானைக் கேட்டால் சொல்வாள், ஆனால் பெண்டாட்டி சாட்சியை யார் மதிக்கிறார்கள்?

ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரும் பண்ணைக் காலத்துப் பழைய கிளப் கட்டிடத்தில் உட்கார்ந்து விசாரித்தார்கள். நம் வழக்கம் உனக்குத் தெரியும். குற்றம் சாட்டப்பட்டவன் செய்கிற சத்தியம் செல்லாது. அவன் சொந்தத்தில் ஒருவர் ரொட்டியைக் கையில் பிடித்து, தன் உயிரையும் பிள்ளை உயிரையும் வைத்து அவனுக்காகச் சொல்ல வேண்டும். அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பது எதிராளி. நம் சித்தப்பா மகனைக் கேட்பான் என்று நினைத்திருந்தேன். ஓமுர்சாக் எழுந்து என்ன சொன்னான் தெரியுமா?

"இவன் தங்கச்சி சால்கினாய் வரட்டும். அவளுக்கு இவனைக் கண்டாலே ஆகாது. பொய் சொல்லவும் அவளுக்கு வராது. 'எங்கண்ணன் திருடல'ன்னு அவளே சொல்லிட்டா, நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை கெடு. நீ வந்து சொல்லிவிட்டால் வழக்கு அன்றோடு முடிந்தது. வராவிட்டாலோ, வந்தும் சொல்லாவிட்டாலோ பெரியவர்கள் கையைக் கழுவிவிட்டு விஷயத்தை மாவட்டப் போலீசுக்கு அனுப்பிவிடுவார்கள். கால்நடை திருடினான் என்று உள்ளே போனவன் எப்போது வெளியே வருகிறான் என்பது உனக்கே தெரியும்.

பஸ் ஓட்டுகிற மேலிஸிடம் கடிதத்தையும் ஒரு பை தயிர் உருண்டையும் கொடுத்திருக்கிறேன்.

அண்ணன்,
காஸிமாலி


பிஷ்கெக்
செப்டம்பர் 8

திரு காஸிமாலி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தயிர் உருண்டையில் பாதியை என் மகள் பெர்மெத் தின்றுவிட்டாள். அதை என் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

'தங்கச்சி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. பத்தொன்பது வயதில் கடைக்குப் போய்விட்டு வந்த என்னை, ஒருத்தனுக்குக் கட்டிவைப்பதற்காக நாலு பேர் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் அந்த வீட்டுச் சுவரேறிக் குதித்து, ஆற்றோரமாகவே நடந்து, காலில் செருப்பில்லாமல் நம் வாசலுக்கு வந்தேன். அம்மா இருந்திருந்தால் கதவைத் திறந்திருப்பாள். நீங்கள் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "ஒரு ராத்திரி அங்க இருந்துட்ட பொண்ணு திரும்பி வந்தா ஊர்ல ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குமா? போயிடு சால்கின்." போய்விட்டேன். அந்த வீட்டில் இருந்தது இரண்டு வருஷம். அதற்குப் பிறகு பெர்மெத்தைத் தூக்கிக்கொண்டு இந்த நகரத்துக்கு ஓடிவந்தேன். இப்போது டிராலிபஸ் ஓட்டுகிறேன். கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

அன்று ஊர் வழக்கத்தைச் சொல்லித்தான் என்னை அனுப்பினீர்கள். இன்று அதே ஊர் வழக்கம் உங்களை என்னிடம் அனுப்பியிருக்கிறது. நல்ல வேடிக்கை.

ஆனால் பழிவாங்குகிற புத்தி எனக்கில்லை. செய்யாத குற்றத்துக்கு ஒருவர் ஜெயிலுக்குப் போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், அவர் நீங்களாகவே இருந்தாலும். ஒன்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். அந்த ரொட்டியைப் பிடித்தால் நான் பெர்மெத்தின் தலையில் கை வைத்துச் சொல்கிற மாதிரி. எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன். ஓமுர்சாக்கோடு என்ன சண்டை, எதற்குச் சண்டை, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒன்றையும் விட வேண்டாம்.

சால்கினாய்


காரா-புலுங்
செப்டம்பர் 12

தங்கச்சிக்கு,

நீ 'அவர்கள்' என்று எழுதியதை அனார்கான் படித்துவிட்டு, "நல்லா வேணும் உங்களுக்கு" என்றாள்.

சண்டை புல்வெளியைப் பற்றியது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறதே, பெரிய புல்வெளி, அதுதான். முன்பு மாவட்டத்திலிருந்து எவனாவது ஒருத்தன் டெலிபோனில் சொல்வான், அங்கே பார்லி விதைப்போம். விளையாது. அடுத்த வருஷமும் விதைக்கச் சொல்வான், விதைப்போம். பண்ணை போன பிறகு அந்தத் தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டோம். அவரவர் இஷ்டத்துக்கு மாட்டை விட்டோம். ஒரே வருஷத்தில் புல்வெளி மொட்டைத் தலையாகிவிட்டது. போன குளிர்காலத்தில் ஊரில் புல் இல்லை. மாடுகள் நின்ற இடத்திலேயே விழுந்தன. விதவை சுயும்கானுக்கு இருந்தது ஒரே பசு. அது எழுந்திருக்கட்டும் என்று வயிற்றுக்கடியில் கயிறு கட்டிக் கூரை உத்தரத்தில் தொங்கவிட்டோம். மூன்று நாள் தொங்கிவிட்டுச் செத்தது.

அதனால்தான் வசந்தத்தில் எல்லா வீட்டாரும் கூடி ஒரு முடிவெடுத்தோம். புல் அறுத்துப் பங்கு போடும் வரைக்கும் அங்கே ஒரு குளம்பும் படக்கூடாது. மாவட்டமும் சொல்லவில்லை, கட்சியும் சொல்லவில்லை, நாங்களே முடிவு செய்தோம். ஓமுர்சாக்கும் கையைத் தூக்கினான். ஜூலையில் பார்த்தால் அவன் குதிரைகள் உள்ளே மேய்கின்றன. கேட்கப் போனேன்.

"சுதந்திரம் வந்து அஞ்சு வருஷமாச்சு காஸிமாலி. என் குதிரை எங்க மேயணும்னு இன்னும் கூட்டம் போட்டுத்தான் முடிவு பண்ணுவீங்களா?"

"நீயும் கையைத் தூக்கினியேடா!"

"தூக்கினேன். இப்ப இறக்கிட்டேன். போடா வேலையைப் பாத்துக்கிட்டு."

அப்போதுதான் சட்டையைப் பிடித்தேன். விலக்கிவிட்டார்கள். விலக்கினவர்களில் ஒருத்தராவது அவனைப் பார்த்து 'குதிரையை வெளியே ஓட்டு' என்று சொல்லவில்லை. மறுபடியும் விட்டான். அந்த வெள்ளை முகப் பெட்டை தன் குட்டியோடு புல்வெளி நடுவில், நெஞ்சளவு புல்லில், பனி ஈரம்கூடக் காயாத நேரத்தில் நின்று தின்றுகொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. மிதித்த இடமெல்லாம் புல் படுத்துவிட்டது. அந்தக் குதிரைகள் அன்றே தொலைந்தது என்னைப் பொறுத்தவரை நியாயம்தான். ஆனால் நான் திருடவில்லை. இதற்கு மேல் என்ன எழுத?

காஸிமாலி


பிஷ்கெக்
செப்டம்பர் 15

அண்ணா,

கோபம் போகவில்லை. ஆனால் 'அவர்கள்' போட்டு எழுதக் கை வலிக்கிறது.

உன் முதல் கடிதத்தையும் இரண்டாவது கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். குதிரைகள் காணாமல் போன அன்று நீ காய்ச்சலில் படுத்திருந்தாய், வெயில் ஏறித்தான் எழுந்தாய். அன்றே தொலைந்த அந்த வெள்ளை முகப் பெட்டை பனி காயாத நேரத்தில் நின்றதை எந்தக் கண்ணால் பார்த்தாய்? சின்ன வயதிலும் நீ இப்படித்தான். அம்மா எடுத்து வைத்த பாலாடையைத் தின்றுவிட்டு, 'நான் தின்னல, ரொம்பப் புளிப்பா இருந்துச்சு' என்று சொன்னவன் நீ.

மேலிஸ் வந்திருந்தான். விசாரணைக்கு உட்கார்ந்த மூவரில் ஒருவரான தூய்ஷோன் பெரியவர் எனக்குச் சொல்லி அனுப்பினாராம்: "யம்மா, நிஜம் பொய்யெல்லாம் அல்லா பாத்துக்குவார். நீ வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயிடு. இல்லாட்டி ஊரே ரெண்டாப் போயிடும்." அவர் எனக்குத் தாத்தா முறை, அதனால் மேலிஸிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எரிச்சலாக இருந்தது. அவருக்கு ஊர் அமைதியாக இருக்க வேண்டும். ஓமுர்சாக்குக்கு இஷ்டம்போல இருக்க வேண்டும். உனக்கு ஜெயில் கூடாது. நான் பிடிக்கப்போகிற ரொட்டி நிஜமா பொய்யா என்ற கவலை உங்களில் ஒருத்தருக்கும் இல்லை.

இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போன மாதம் சந்தை நாற்சந்தியில் சிக்னல் விளக்கு கெட்டுப்போய்விட்டது. முதல் நாள் எல்லாருக்கும் சுதந்திரம். நாலு பக்கத்திலிருந்தும் நுழைந்தோம், ஒருத்தரும் நகரவில்லை. என் வண்டியிலிருந்து ஒரு கிழவர் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனார். மறுநாள் வேறு வழியில்லாமல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். நீ போ, அப்புறம் நான் என்று கை காட்டினோம். திட்டிக்கொண்டேதான், ஆனால் போனோம். மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். வண்டிகள் ஒழுங்காக ஓடின. அவர் கை ஒவ்வொரு லாரி ஜன்னலுக்குள்ளும் போய்விட்டு வந்தது. பின் சீட்டில் ஒருத்தி, "இதுக்கு நேத்தே தேவலை" என்றாள். அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒழுங்கு என்று சொல்கிறோமே, அதில் எது நல்லது, எது வெறுமனே வண்டி ஓடுவது? எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

என்ன நடந்தது என்று எழுது. இல்லாவிட்டால் நான் வருவதாக இல்லை.

சால்கினாய்


காரா-புலுங்
செப்டம்பர் 19

சால்கின்,

சரி. எழுதுகிறேன். படித்தவுடன் கிழித்துப் போட்டுவிடு.

அன்று விடியும் முன்பே விழித்துவிட்டேன். சண்டைக்குப் பிறகு தூக்கம் சரியாக வருவதில்லை. புல்வெளிப் பக்கம் போனேன். பதினோரு குதிரையும் உள்ளே. யாரையாவது எழுப்பலாம் என்று நினைத்தேன். எழுப்பினால் என்ன செய்வார்கள்? கொட்டாவி விட்டுவிட்டு, 'காலையில பேசிக்கலாம்' என்பார்கள். என் குதிரையில் ஏறி, மொத்தத்தையும் பள்ளத்தாக்கு வழியாகப் பழைய பாலம் தாண்டி மேலே விரட்டிவிட்டேன். இரண்டு நாள் தேடி அலையட்டும், புத்தி வரட்டும், அவ்வளவுதான் என் எண்ணம். ஊர் எழுவதற்குள் வந்து போர்வையை இழுத்துப் படுத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் மூடுபனி இறங்கிவிட்டது, ஆள் நிற்பதே தெரியவில்லை. பனி விலகின பிறகு அவன் ஆட்கள் தேடினார்கள், காணவில்லை. நானும் யாருக்கும் தெரியாமல் போய்த் தேடினேன். கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஆட்கள் எவனோ அடித்துக்கொண்டு போயிருக்கிறான். அல்லா மேல் ஆணையாக, ஒரு வால்முடிகூட என் கைக்கு வரவில்லை.

ஊரில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும் என்றே நினைக்கிறேன். புல்லை மிதிக்கிற குதிரைகள் போனதும் சுயும்கான் ஒரு கிண்ணம் பாலாடை கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏன் எதற்கு என்று சொல்லாமல் போனாள். இந்த வருஷம் புல் நன்றாக விளைந்திருக்கிறது, எல்லா வீட்டுக்கும் பங்கு கிடைக்கும். அந்த வீட்டுக்காரர்கள் இன்று என்னைப் பார்த்தால் தரையைப் பார்க்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து போட்ட ஒழுங்கைக் காப்பாற்ற நான் ஒருத்தன்தான் எழுந்தேன். அதற்கு ஜெயிலா?

பெரியவர் உன்னிடம் மூன்றே மூன்று கேள்விதான் கேட்பார். திருடினானா, விற்றானா, தின்றானா. மூன்றுக்கும் இல்லை என்று சொல். மூன்றும் நிஜம். உன் மேல் ஒரு பாவமும் வராது, பெர்மெத் மேலும் வராது. நான் நன்றாக யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வாசல் விஷயத்தை எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறது.

அண்ணன்


பிஷ்கெக்
செப்டம்பர் 22

அண்ணா,

வருகிறேன். டிப்போவில் லீவு கேட்டேன். "சம்பளம்தான் குடுக்க முடியல, லீவையாவது எடுத்துக்க" என்றார் மேலாளர். வியாழக்கிழமை மேலிஸ் பஸ்ஸில் கிளம்புகிறேன், பெர்மெத்தைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு.

ஆனால் அந்த மூன்று 'இல்லை'யை நான் சொல்லப்போவதில்லை. மூன்றும் நிஜம்தான். ஆனால் அவர்கள் என்னைக் கூப்பிட்டது உன் மூன்று பதிலை ஒப்பிக்க அல்ல. 'உன் அண்ணனால் இவனுக்குக் கெடுதல் வந்ததா' என்று தெரிந்துகொள்ளத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்தது. அதை விழுங்கிக்கொண்டு ரொட்டியைப் பிடித்தால் அந்த ரொட்டி எனக்கு இறங்காது.

உன் மேல் எனக்கு இரக்கம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் கொட்டாவி விட்டபோது நீ எழுந்தாய். அந்த இடத்தில் நானும் கொதித்திருப்பேன். ஆனால் ஊரெல்லாம் சேர்ந்து போட்ட கட்டுப்பாட்டுக்கு நீ தனியாளாகத் தண்டனை கொடுத்தாய். ஊரின் பெயரில் கொடுத்துவிட்டு, ஊருக்கே தெரியாமல் போர்வைக்குள் ஒளிந்துகொண்டாய். ஓமுர்சாக் தன் இஷ்டத்தைச் சுதந்திரம் என்றான். நீ உன் கோபத்தை ஒழுங்கு என்கிறாய். என்ன பெரிய வித்தியாசம்?

நான் செய்யப்போவது இதுதான். ரொட்டியை எடுக்கச் சொல்லும்போது நான் கொஞ்சம் தாமதிப்பேன். அதற்குள் நீயே எழுந்து நடந்ததைச் சொன்னால், பக்கத்தில் வந்து நிற்பேன். 'ஓட்டினான், ஆனால் விற்கவில்லை' என்று என் உயிரையும் பெர்மெத் உயிரையும் வைத்துச் சொல்வேன். உன் வார்த்தையைத் தவிர எனக்கு வேறு ஆதாரமில்லை, இருந்தாலும் சொல்வேன். நீ எழாவிட்டால் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். ரொட்டியைத் தொடாமல் வெளியே வந்து பஸ் ஏறிவிடுவேன். பிறகு போலீஸ் என்ன செய்யுமோ, அது உன் பாடு.

எது என்று நீயே முடிவு செய். உன்னை யாரும் பிடித்துத் தள்ளப்போவதில்லை. எனக்கு ஒரு நாள் அப்படி நின்று முடிவு செய்ய யாரும் இடம் விடவில்லை. உனக்கு நான் விடுகிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அது வேறு கணக்கு.

சால்கினாய்


காரா-புலுங்
அக்டோபர் 20

அன்புள்ள சால்கின்,

நீ பஸ் ஏறும்போது நான் பேசவில்லை என்று அனார்கான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். ஏதாவது பேசினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். கிளப்புக்குள் நுழையும் வரைக்கும் எழுந்திருப்பதாக எனக்கு உத்தேசமே இல்லை. நீ கடைசி நிமிஷத்தில் மனசு மாறிவிடுவாய், அண்ணனாயிற்றே என்று நினைத்தேன். பெரியவர் துணியை விரித்து ரொட்டியை வைத்தார். நீ பக்கத்தில் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் உட்கார்ந்தே இருந்திருப்பேன், அவள் என்னைக் கட்டாயப்படுத்துகிறாள் என்று வீம்பு வந்திருக்கும். நீ பார்க்காததால்தான் எழுந்தேன். இதை உனக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை.

நீ சத்தியம் சொல்லிவிட்டுப் போன பிறகு பெரியவர்கள் மாலை வரைக்கும் பேசினார்கள். தூய்ஷோன் பெரியவருக்கு என் மேல் பயங்கரக் கோபம். "எல்லாம் சுமுகமா முடிய வேண்டியது. உனக்கு என்னடா அப்படி ஒரு அரிப்பு?" என்று கத்தினார். கடைசியில், குதிரைகளில் பாதிக்கு நான் ஈடு கொடுக்க வேண்டும், மீதிப் பாதி புல்வெளியில் மேயவிட்டதற்கு ஓமுர்சாக்கின் நஷ்டம் என்று தீர்த்தார்கள். போலீஸ் வேண்டாம் என்றும் முடிவாயிற்று. என் இரண்டு குதிரையும் போய்விட்டது, ஆடுகளும் கொஞ்சம்தான் மிச்சம். இப்போது எங்கே போனாலும் நடைதான். புல்லில் பங்கு வாங்கினவர்கள் எல்லாரும் இப்போது நியாயம் பேசுகிறார்கள், 'அவன் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது' என்று. சுயும்கான் மட்டும் வந்து என் பிள்ளைகளுக்குக் கம்பளிக் காலுறை கொடுத்துவிட்டுப் போனாள். சில நாள் உன் மேல் கோபம் வருகிறது. சில நாள் வருவதில்லை. அப்படி வராத நாளில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வாசல் விஷயத்துக்கு இன்னும் எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தடவை நீ வரும்போது பெர்மெத்தையும் கூட்டிக்கொண்டு வா. அவள் எதிரில் உட்கார்ந்தால் ஒருவேளை வரும்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். அடுத்த கோடைக்குப் புல்வெளிக் காவலுக்கு ஆள் போட ஊர் கூடினது. யாருக்கும் அந்த வேலை வேண்டாம். காவலாள் என்றால் எல்லாருக்கும் விரோதி. பெரியவர் இரண்டு தடவை கேட்டார், எல்லாரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஓமுர்சாக்கின் குரல் வந்தது.

"காஸிமாலியைப் போடுங்க."

நக்கல் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். "வாயை மூடுடா" என்றேன்.

"நான் நக்கல் பண்ணல. இந்த ஊர்ல தன் மேல தானே பழியைப் போட்டுக்கிட்ட ஆளு இவன் ஒருத்தன்தான். வேற எவனைப் போட்டாலும் ரெண்டு ஆட்டைக் குடுத்து நான் வாயை அடைச்சிடுவேன். எனக்கு என்னைத் தெரியாதா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் என்னைப் பார்த்தார். கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. ஓமுர்சாக்கும் தூக்கினான்.

கூட்டம் கலைந்து வெளியே வரும்போது அவன் என் பக்கத்தில் வந்து நடந்தான். அவனுக்குக் குதிரை இருக்கிறது, இருந்தும் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தான். என் வீட்டுத் திருப்பம் வந்தது. அங்கே நின்றான்.

"என் குதிரை அடுத்த வருஷமும் உள்ள வரும். நான் விடாட்டியும் அதுவே வரும், அதுக்குப் பழகிப்போச்சு."

"வந்தா விரட்டுவேன்" என்றேன்.

"விரட்டு. யார் வேணாங்கிறா? ஆனா பகல்ல விரட்டு காஸிமாலி. என் பேரைச் சொல்லித் திட்டிக்கிட்டே, ஊரே பாக்குற மாதிரி விரட்டு."

சரி என்று சொன்னேன்.

அண்ணன்,
காஸிமாலி